என் கையில் மட்டும் வந்த படிகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து தொட்டுக் கொடுக்காமல் அப்பா வியாபாரத்தைத் தொடங்கமாட்டார். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. தேன், மிளகு, காப்பித்தூள், வறுத்த கடலை, சீசனில் பேரிக்காய். கடைக்குப் பின்னால் வீடு. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன் ஒரு மழைநாளில் நான் எடுத்துக் கொடுத்த தேன் பாட்டில்தான் முதல் போணி என்றும், அன்று பொழுது சாய்வதற்குள் கடை காலியாகிவிட்டது என்றும் அப்பா சொல்வார். அந்த நாள் எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு நடந்தவை நினைவிருக்கின்றன. வகுப்பில் எல்லோரும் ஒகேனக்கல் போன அன்று நான் கடையில் இருந்தேன். சித்தி மகள் கல்யாணத்துக்கு வீட்டில் எல்லோரும் முதல் நாளே கிளம்பினார்கள். நானும் அப்பாவும் மறுநாள் போணி முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலில் படுத்திருந்தால் பாட்டிலைப் படுக்கைக்கே கொண்டுவருவார். "சும்மா தொட்டுக் குடு சாமி, போதும்" என்பார்.

அவர் அதட்டி வேலை வாங்கும் ஆள் இல்லை. அதுதான் சிக்கல். வருகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ள கையி நொம்ப ராசியான கையிங்க" என்று சொல்லிப் பூரிக்கிறவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். வேதியியல் படித்ததற்கும் மனதில் ஒரு பட்டியல் உண்டு. சேலத்தில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கல்லூரி இருந்தது. ஆய்வகத்தின் வாசனை பிடித்திருந்தது. பெண்ணுக்கு ஆசிரியர் வேலை கிடைக்கும் என்று அம்மா சொன்னாள். கடைசிக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. இன்ன பொருளை இன்ன அளவில் இன்ன சூட்டில் கலந்தால் இன்னது வரும். கலக்குவது யார் என்று அது கேட்காது. நான் செய்தாலும் யாரோ ஒருத்தி செய்தாலும் ஒன்றுதான். அந்த எண்ணம் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

எம்.எஸ்ஸி. முடித்து அதே கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். என் வழிகாட்டி ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு காட்டுமரத்தின் பட்டையில் துளியூண்டு இருக்கும் ஒரு பொருளை, மரத்தைத் தொடாமல் கண்ணாடிக் குடுவைக்குள் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கரிம வேதியியலில் இப்படித் தொகுத்துச் செய்யும் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சமையல் மாதிரி இருக்கும். உள்ளே அது பொறுமை மட்டும்தான். ஒரு படியில் இரண்டு துண்டுகளை ஒட்டவேண்டும். அடுத்த படியில் ஒட்டக்கூடாத இடத்தை மூடிவைக்க வேண்டும். பிறகு மூடியதைத் திறக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும். மூட்டை நிறையக் கொண்டு போகிறவர் வீடு சேரும்போது கையில் ஒரு பிடி மிஞ்சுவது போல.

கடைசிக்கு முந்தைய படியில் நான் நின்றுவிட்டேன். அங்கே எனக்குக் கிடைத்தது பாகு மாதிரி பழுப்பு நிற எண்ணெய். அதில் வேண்டியதும் வேண்டாததும் கலந்திருந்தன. பிரிப்பதற்கு இருந்த ஒரே வழி, வேண்டியதை மட்டும் படிகமாகக் கட்டவைப்பது. குளிர வைத்தேன். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைக் கீறிப் பார்த்தேன். கரைப்பான்களை மாற்றினேன். எதுவும் செய்யாமல் விட்டும் பார்த்தேன். பாகு பாகாகவே இருந்தது. மழைக்காலத் தொடக்கத்தில் ஆய்வகத்தின் பிரிட்ஜும் செத்துவிட்டது. சேலத்துச் சூட்டில் வெளியே வைத்தால் பொருள் கெட்டுப்போகும்.

"உங்க ஊரே பிரிட்ஜுதானே கண்ணு. ஊட்டுக்குக் கொண்டுபோய் வச்சுக்க" என்றார் வழிகாட்டி.

குடுவையை இறுக மூடி, பஞ்சு சுற்றி, அம்மாவின் பழைய எவர்சில்வர் தூக்கில் வைத்து பஸ் ஏறினேன். அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் தூக்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, தூக்குல என்னங்க? மணம் ஒரு தினுசா வருது."

"மருந்துங்க."

"குடிக்கறதுங்களா, பூசறதுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்பறம் அது என்ன மருந்துங்க? பாத்துட்டே இருக்கறதுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் சொன்னது சரிதான். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அன்று பெய்த மழையில் மலைச்சாலையில் பாறைகள் சரிந்தன. பஸ்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள், பிறகு அதையும் நிறுத்தினார்கள். நான் மேலே மாட்டிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கடைக்குப் பின்பக்கத்து ஜன்னல் திட்டில், தேன் டின்களுக்குப் பக்கத்தில், தூக்கிலிருந்து எடுத்து மூடியைத் தளர்த்திய குடுவை இருந்தது. சுற்றுலாப் பயணிகள் இல்லாததால் அப்பா டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, இங்க வந்து பாரு. உன்னுது கட்டிக்கிச்சு, தேனாட்டம்."

குளிரில் தேன் கட்டிக்கொள்ளும். வாங்கிப் போனவர்கள் மறுமுறை வரும்போது சர்க்கரை கலந்துவிட்டதாகச் சண்டை போடுவார்கள். அப்பாவின் தீராத வழக்கு அது. குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "படிச்ச புள்ள வச்சதே கட்டிக்குது. அதுல யாரு சக்கரை போட்டா?" என்று காலியாகக் கிடந்த சாலையைப் பார்த்துக் கேட்டார்.

பழுப்புப் பாகுக்குள் வெள்ளை ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. நான் குடுவையை அவர் கையிலிருந்து வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாலை திறந்ததும் கீழே கொண்டுபோனேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் வினோதம். அடுத்த முறை அந்த எண்ணெயைத் தயாரித்தபோது சேலத்திலேயே, மின்விசிறியின் அனல் காற்றுக்குக் கீழேயே, என் கண் முன்னால் கட்டியது. அதற்கடுத்த முறையும் கட்டியது. வழிகாட்டி குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைராசி கண்ணு உனக்கு."

கடைக்குள் நான் இருக்கும்போதே யாரோ வெளியிலிருந்து ஷட்டரை இறக்கியது போல் இருந்தது.

அந்தச் சொல் பரவியது. புதிதாக வந்த கருவியின் சுவிட்சை நான்தான் முதலில் போடவேண்டும் என்றார்கள். பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் கட்டாத எண்ணெய்களோடு வந்து, "சும்மா ஒரு கீறு கீறி விட்டுட்டுப் போங்க" என்றார்கள். நான் கீறினேன். பெரும்பாலும் ஒன்றும் கட்டவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கீழே ஒரு இளையவள் ஆய்வுக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் மலையிலேயே வாழவந்தி என்ற ஊரைச் சேர்ந்தவள், காப்பியும் ராகியும் போடும் மலை விவசாயக் குடும்பம். ஒரே பஸ்ஸில்தான் போய்வந்தோம். நான் முடித்துப் போனபிறகு கடைசிப் படிகளை அவள் தொடரவேண்டும் என்பது ஏற்பாடு. அவள் கையில் எண்ணெய் கட்டவில்லை. கட்டாத ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வந்து குடுவையின் மேல் குனிந்து கீறினால் கட்டியது. அவள் முகம் சுருங்கியது.

"எனக்குக் கையி ராசியில்லீங்க்கா. எங்கூட்டுலயும் சொல்லுவாங்க. நான் நட்ட மொளகுக் கொடி ஒண்ணுகூடப் பத்துனதில்ல."

"கொடி பத்தாததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க சொல்லுவீங்க. உங்களுக்குத்தான் வருதே."

அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு நல்ல ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நிபந்தனை ஒன்று. ஜூலைக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். அதற்கு முன் சினாப்சிஸ் என்கிற ஆய்வுச் சுருக்கத்தில் வழிகாட்டி கையெழுத்துப் போடவேண்டும். என் வேலை முடிந்துவிட்டது, எழுதியும் ஆகிவிட்டது. அவர் போடவில்லை.

"நீ போயிட்டா இது யாருக்கும் வராதும்மா" என்றார். குரலில் அதிகாரமே இல்லை. "மருந்துச் சோதனைக்கு இன்னும் நெறைய அனுப்பணும். நானும் எத்தன வருசமா இதுக்குப் பின்னாடியே சுத்தறேன், எங்கையில ஒரு ஊசி நின்னதில்ல. அவளுக்கு ஒரு தடவ வரட்டும். அடுத்த நாளே போட்டுடறேன்."

திட்டியிருந்தால் துறைத்தலைவரிடம் போயிருப்பேன். அவரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். அப்பாவும் அப்படித்தான், தொட்டுக் கொடுத்த பிறகு கடலை மிட்டாய் தருவார். புகழ்ந்து கட்டிப்போடுகிறவர்களிடமிருந்து தப்பிக்க எனக்கு இரண்டு இடத்திலும் வழி தெரியவில்லை.

ஆனால் அவளுக்கு ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கவேண்டும். எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பட்டியலிட்டேன். கரைப்பான் பாட்டில், குடுவை கழுவும் விதம், ஆறவைக்கும் வேகம், கீறும் குச்சி, உட்காரும் மேசை. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டோம். என் மேசையில் என் குச்சியால் அவள் கீறினாள். கட்டவில்லை. படிகம் கட்டாவிட்டால் பழைய படிகத்தில் ஒரு துணுக்கை விதையாகப் போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. உலர்த்திப் புட்டியில் வைத்திருந்த சுத்தமான படிகத்தை அவள் நாங்கள் எல்லோரும் பார்க்கப் போட்டாள். அது சர்க்கரை போல் கரைந்து போனது. விதையும் அவள் கையில் முளைக்கவில்லை என்றதும் வழிகாட்டிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

என் பட்டியலில் லேப் கோட்டு இல்லை. எதுவும் மேலே படாமல் இருக்கத்தான் கோட்டு போடுகிறோம் என்பதால் அதை ஒரு பொருளாகவே நான் நினைக்கவில்லை. அங்கேயே விட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். "அந்த நாத்தம் புடிச்சதை ஊட்டுத் துணியோட போடாத" என்று அம்மா அதைத் துவைக்கவும் விடாமல் பின்வாசலில் ஆணியில் மாட்டிவைப்பாள். மூடுபனியில் நனைந்து, காலையில் ஈரத்தோடு என்னுடன் பஸ் ஏறும்.

மே மாதம் கோடைவிழா வந்தது. அப்பா நாலு நாள் கடையில் இருக்கச் சொன்னார். அதற்கு முதல் நாள் இளையவளின் கோட்டில் அமிலம் கொட்டி ஓட்டையாகியிருந்ததால் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. இரண்டு கையிலும் பாட்டிலோடு இருந்தபோது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டேன்.

"அக்கா, கட்டிக்கிச்சுங்க."

"என்னது?"

"ஊசிங்க்கா. எங்கையிலங்க. சார் பாத்துட்டே நிக்கறாருங்க."

"கண்ணு, அந்தப் பெரிய பாட்டில எடு" என்றார் அப்பா. எடுத்துக் கொடுத்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை போனபோது வழிகாட்டி உற்சாகமாக இருந்தார். "பழகப் பழக உன் ராசி அவளுக்கும் ஒட்டிக்கிச்சு."

அடுத்த வாரம் அவள் என் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்து முயன்றாள். கட்டவில்லை. அவள் அழவில்லை. அழாமல் குடுவைகளைக் கழுவினாள், அது இன்னும் மோசமாக இருந்தது. ஒட்டிக்கொண்ட ராசி உதிர்ந்துவிட்டது என்று வழிகாட்டி வருத்தப்பட்டார். எனக்கு அந்தச் சொல் மட்டும் காதில் நின்றது. ஒட்டிக்கொண்டது. ஒட்டவேண்டுமென்றால் ஒரு பொருள் இருக்கவேண்டும். ஒட்டிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும்.

நான் கோட்டைக் கழற்றி வெளியே மாட்டினேன். கையை முழங்கை வரை கழுவினேன். அந்தப் பொருள் ஒருநாளும் நுழைந்திராத, முதலாண்டு மாணவர்களின் மாடி ஆய்வகத்தில் புதிய குடுவை, புதிய குச்சி எடுத்து எண்ணெயை வைத்துக் கீறினேன். காத்திருந்தேன். மறுபடி கீறினேன். மதியத்துக்குப் பின்னும் அது பாகாகவே இருந்தது. மலையில் கட்டியதற்குப் பிறகு முதல்முறையாக அது என் கையில் வரவில்லை. ஆய்வில் இதுவரை எனக்கு வந்த எந்தப் படிகமும் அந்த வராத படிகம் அளவுக்குச் சந்தோஷம் தந்ததில்லை.

இளையவளை மேலே கூப்பிட்டு என் கோட்டைப் போடச் சொன்னேன். குடுவையின் வாய்க்கு மேல் கோட்டின் கையைக் கொண்டுபோய் லேசாகத் தட்டச் சொன்னேன். தட்டினாள். சற்று நேரத்தில் ஒரு மூலையிலிருந்து ஊசிகள் ஓடின.

"அக்கா, இது உங்க சட்டைக்கு வந்த சாமிங்களா?" என்றாள்.

கோட்டின் கைமடிப்பில், மலையில் கட்டிய முதல் படிகத்தைச் சுரண்டி எடுத்தபோது ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத படிகத் தூசி இருந்திருக்கிறது. நான் குனியும்போதெல்லாம் அதில் ஒரு துளி குடுவைக்குள் விழுந்திருக்கிறது. அது விதையாகிவிட்டது. சரி, புட்டியில் வைத்திருந்த சுத்தமான விதை ஏன் முளைக்கவில்லை? அதற்கு விடை ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பின்னால் கிடந்தது. கோடைமழையில், சாக்கிலிருந்து சிந்திய பச்சைக் கடலை முளைவிட்டிருந்தது. அதே இடத்தில் சிந்திய வறுத்த கடலை நனைந்து ஊறிக் கிடந்தது, அவ்வளவுதான்.

எங்கள் படிகம் தனக்குள் கொஞ்சம் தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டுதான் கட்டுகிறது. நாங்களோ அதை வடித்தவுடன் பம்ப்பில் வைத்துக் காற்றை உறிஞ்சி முழுக்க உலர்த்தினோம். உலர்த்தும்போது எடை குறைவதை மேலே ஒட்டிய ஈரம் என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே இருந்த தண்ணீர் போய்விட்டது. பார்க்க ஊசிதான், உள்ளே ஊசியின் ஒழுங்கு இல்லை. நாங்கள் வறுத்த கடலையை விதைத்துக்கொண்டிருந்தோம். என் கோட்டுத் தூசி மட்டும் பம்ப்பைப் பார்க்காதது. மலையின் ஈரத்தில் நாள்தோறும் தொங்கியது.

உலர்த்தாத ஈரப் படிகத்தை ஒரு சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு வழிகாட்டியின் அறைக்குப் போனோம். நான் கோட்டில்லாமல், சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். இளையவள் எண்ணெய்க் குடுவையை அவர் மேசையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க சார்" என்றேன்.

"நானா? எனக்கு வராதும்மா."

"போடுங்க சார்."

அவர் குச்சி நுனியில் ஒரு துணுக்கை எடுத்துப் போட்டார். போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார், குடுவையைப் பார்க்கவில்லை. "சார், கீழ பாருங்க" என்றாள் இளையவள். துணுக்கிலிருந்து நாலா பக்கமும் ஊசிகள் நீண்டுகொண்டிருந்தன. குடுவை முழுக்கக் கட்டும் வரை அவர் அதன் மேல் குனிந்தே இருந்தார்.

"எனக்குமா வருது" என்றார் பிறகு.

"அப்ப கைராசி இல்லீங்க சார். கோட்டுராசிங்க" என்றாள் இளையவள்.

அவர் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்றைத் தவறவிட்டவர் மாதிரியும் இருந்தார், கிடைத்தவர் மாதிரியும் இருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து என் சினாப்சிஸை எடுத்தார். அத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "சரி கண்ணு, நீ கெளம்பு. எதுக்கும் அந்தக் கோட்டை விட்டுட்டுப் போ" என்றார்.

வெளியே வந்ததும் இளையவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "அக்கா எல்லாத்தையும் கரெக்டாப் புடிச்சுட்டு, கடசீல கோட்டை விட்டுட்டாங்க."

உண்மையிலேயே விட்டேன். அவள் இப்போதும் அதைத்தான் போடுகிறாளாம்.

வீட்டில் சொன்னபோது அப்பா முழுவதையும் கேட்டார். பம்ப்பும் தண்ணீரும் அவருக்குப் புரிந்தன, தேன் விற்கிறவர்தானே.

"அப்ப ராசி கோட்டுல இருந்துச்சா?"

"ராசியே இல்லீங்கப்பா. அதத்தான் சொல்றேன்."

"சரி, இல்ல. இருந்தாலும் அத அங்க ஏன் உட்டுட்டு வந்த? இங்க ஆணியில மாட்டியிருக்கலாமில்ல."

விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் கிளம்பிய அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ். கடை இன்னும் திறக்கவில்லை. அப்பா பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தேன் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பாட்டில் இரண்டு பேர் கையிலும் இருந்தது.

"இது எனக்குங்களா, போணிக்குங்களா?" என்றேன்.

அவர் பஸ்ஸின் முன்பக்கம் பார்த்தார். "உனக்குத்தான் சாமி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் பைக்குள் வைத்தேன். அப்படி வைத்தது அதுதான் முதல் முறை. வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வீட்டுக்குத் திரும்பி, ஒரே ஒரு தடவை தொட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனால் என்ன என்று தோன்றியது. ரயிலுக்கு நேரம் இருந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அடிவாரத்தில் போன் அடித்தது.

"போணி ஆயிருச்சு" என்றார் அப்பா.

"யாருங்கப்பா?"

"தெரியல. யாரோ ஒரு ஆளு. வறுத்த கடலை வாங்கிட்டுப் போனாரு."